வேர்க்காத உடம்பு

குளிர்ச்சியான வீடு கிடைத்துவிட்டது என்று தைலம்மாள் சந்தோஷப்பட்டாள். அவள் சந்தோஷப்பட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த லட்சணத்தில் இப்படி ஒரு வீட்டுக்காகப் போய்ச் சந்தோஷப்பட்டாளே, அதை என்ன சொல்ல!

பங்குனி மாதக் கடைசி. செஞ்சியில் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மலையும் மொட்டைப் பாறை. பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். அவள் வேர்க்கடலை உடைக்கும் வேலை பார்த்த மல்லாட்டை மண்டியில் தகரக் கொட்டகை. அதற்குப் பின்னால் குடியிருந்த அறைக்கும் தகரம்தான். அங்கிருந்து பாய், பானை, ஒரு டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, புருஷன் கலியபெருமாளும் மாமியார் பூவாயியும் பின்னால் நடந்துவர, ராஜகிரி அடிவாரத்தில் இருந்த அந்தக் கல்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வீட்டுக்காரர் நூருல்லா பாய், கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். சாவியைத் திண்டாடித் திண்டாடித் திருப்பினார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ரொம்ப நாளாப் பூட்டிக் கெடந்துது தங்கச்சி. கல்லுக் கட்டடம். கத்திரியில கூடச் சில்லுனு இருக்கும்."

"அதுக்குத்தான் பாய் வந்தது. இவருக்கு வெயில் ஆவாது."

பாய் கலியபெருமாளை ஒரு பார்வை பார்த்தார். "இன்னா ஒடம்புக்கு?"

"நரம்பு மாத்திரை சாப்புடுறாரு. மெட்ராஸ்ல குடுத்தது."

அவர் முகம் ஏன் சட்டென்று வெளிறியது என்று அவளுக்கு அப்போது புரியவில்லை. பீடியைப் பற்றவைக்கப் போனவர் பற்றவைக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

கலியபெருமாளுக்கு என்ன வியாதி என்பதை இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லாரியில் கிளீனராக இருந்த மனுஷன் ஒருநாள் நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தான். தேசிங்கு ராஜா படை வருகிறதாம், குதிரைக்கு வழி விட வேண்டுமாம். அன்றைக்கு ஆரம்பித்த கூத்து. மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், சங்கிலி கூடப் போட்டார்கள். தைலம்மாள் போகாத இடமில்லை, காலில் விழாத ஆளில்லை. கடைசியில் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளவயது டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் புருஷன் மறுபடி புருஷனானான். "தைலா, சாப்டியா?" என்று அவன் கேட்ட அன்றைக்கு அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அந்த டாக்டர் பொறுமையானவர். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருந்தார்.

"மூளைக்குள்ள ஒரு நரம்பு பக்கத்து நரம்புக்குச் சேதி சொல்லணும்னா நடுவுல ஒரு சரக்கு ஓடும்மா, தபால்காரர் மாதிரி. இவருக்கு அந்தத் தபால் அளவுக்கு மீறி வருதுன்னு நினைக்கிறோம். நாங்களே இப்பத்தான் தட்டித் தடவிக் கண்டுபிடிச்சிட்டிருக்கோம். இந்த மாத்திரை தபாலை வாங்குற கதவைச் சாத்திடும். புத்தி தெளியும். ஆனா உடம்புச் சூட்டைச் சரியா வச்சிக்கிற வேலைக்கும் அந்தத் தபால்தான். அந்தக் கதவும் சேர்ந்து சாத்திக்கும். கை நடுக்கத்துக்குக் குடுத்திருக்கேனே சின்ன மாத்திரை, அது வேர்வையையும் அடைச்சிடும்."

"அப்ப இன்னா சார் பண்றது?"

"உடம்பு தன் சூட்டைத் தானே பாத்துக்காது. பக்கத்துல என்ன சூடு இருக்கோ அதை வாங்கிக்கும். அடுப்புப் பக்கம் விட்டா அடுப்பு. கிணத்துப் பக்கம் விட்டா கிணறு. வெயில் நாள்ல நீங்கதான் அவருக்கு வேர்வை. ஈரத் துணி, தண்ணி, காத்து. மறந்துடாதீங்க, உயிர் போற விஷயம்."

அதை அவள் மறக்கவில்லை. தாலியைப் போல அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தகரத்தை விட்டுக் கல்லுக்கு வந்ததும் அதனால்தான்.

பின்கட்டில் ஒரு சின்ன அறை. தடித்த சுவர், கையகலச் சன்னல். மற்ற இடத்தைவிட அங்கே இன்னும் குளுமை. கலியபெருமாளுக்கு அதைத்தான் ஒழித்துக் கொடுத்தாள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. வெளிப்பக்கம் மட்டும் இரும்பில் தடித்த தாழ்ப்பாள். யார் வீட்டில் அப்படிப் போடுவார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். வேலை கிடந்தது, நினைப்பை விட்டுவிட்டாள்.

கத்திரி பிறந்தது.

மண்டிக்குப் போகுமுன் தினமும் அந்த அறைத் தரையில் குடம் குடமாகத் தண்ணீர் தெளிப்பாள். நனைத்துப் பிழிந்த பழைய புடவையைப் புருஷன் மேல் போர்த்துவாள். மத்தியானம் கஞ்சிக்கு வரும்போது மறுபடி நனைப்பாள். கல்தரையில் ஈரம் நெடுநேரம் நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஒரு மத்தியானம் வந்து பார்த்தபோது அறை முழுக்க ஈரமிருந்தது, ஓரிடம் தவிர. அவன் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் தரை வெளுத்துக் காய்ந்து கிடந்தது. நீளமாக. மேலே ஒரு வட்டம், கீழே குறுகல்.

ஒரு ஆள் படுத்த அளவு.

தைலம்மாள் குனிந்து கை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள். தோசைக்கல்லில் வைத்த மாதிரி சுட்டது.

சன்னல் வழியாக வெயில் விழுந்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சன்னல் வடக்குப் பார்த்தது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிக்கொண்டாள், வேறு என்ன செய்வாள்?

அடுத்த நாளும் அதே இடம். இப்போது பாய்க்கு இன்னும் நெருக்கத்தில். அவன் மேல் போர்த்தியிருந்த ஈரப்புடவையில் நெஞ்சுக்கு நேராக மட்டும் ஒரு கையகலம் காய்ந்து மொடமொடவென்றிருந்தது. அறையில் இஸ்திரி போட்ட துணியின் வாசனை. அதற்கடியில் வேறொன்று, முடி பொசுங்கின வாசனை.

"தைலா," என்றான் கலியபெருமாள். குரல் அமைதியாக இருந்தது.

"இன்னாய்யா?"

"நம்ம பக்கத்துல ஒரு பொண்ணு வந்து படுத்துக்குது. பாவம், அதுக்கு ரொம்ப எரியுதாம். நான் சில்லுனு இருக்கேனாம்."

தைலம்மாள் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேய்க்குப் பயந்து அல்ல. போன புத்தி திரும்பி வந்து, வந்த புத்தி மறுபடி போகிறதே என்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதானே இது! டாக்டரிடம் போய்ச் சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார். மாத்திரை கூடினால் வெயில் இன்னும் ஆகாது. சொல்லாவிட்டால் நடுரோட்டுக்குப் போவான். சரி, தரை காய்ந்ததே, அதைச் சொல்லலாமா? "அம்மா, உங்களுக்கும் ஒரு மாத்திரை எழுதறேன்" என்பார்.

"யாரும் இல்லய்யா. கண்ணை மூடிப் படு," என்றாள்.

அவன் ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சும்மா சாத்தினாள்.

உள்ளிருந்து கதவை யாரோ தடவினார்கள்.

தட்டவில்லை. தடவினார்கள். முழங்கால் உயரத்தில், நகம் படாமல், விரல் நுனியால். சத்தம் வந்துவிடக் கூடாதே என்று பயந்து தடவுகிற மாதிரி.

கதவைப் படாரென்று திறந்தாள். கலியபெருமாள் அந்த மூலையில் பாயில் மல்லாந்து கிடந்தான். கதவுக்குப் பக்கத்தில் யாருமில்லை. மரத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

சுட்டது.

அன்று சாயங்காலமே பாத்திரக்கடைக்குப் போய் நின்றாள். "பாய், அந்தப் பின்னறையில யாரு இருந்தாங்க?"

நூருல்லா பாய் ஒரு குண்டானைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "யாரும் இல்லியே. மூட்டை போட்டு வச்சிருந்தோம்."

"மூட்டைக்கு எதுக்குப் பாய் வெளித்தாழ்ப்பாள்?"

"இஷ்டம் இருந்தா இரு தங்கச்சி. இல்லன்னா வேற எடம் பாத்துக்க." வாடிக்கை யாரும் இல்லாத கடையில், வாடிக்கை வந்த மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டார்.

வேற எடமாம்! புத்தி பேதலித்தவன் என்று பேர் வாங்கிய ஆளுக்கு இந்த ஊரில் வேற எடம் மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களாக்கும்! தைலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மாமியாரிடம் மட்டும் திட்டமாகச் சொன்னாள்: "அத்தே, நாளையிலேர்ந்து அவர முன்கட்டுல படுக்க வெய்யி. அந்த ரூம் வேணாம். நாம் பாட்டுக்கு மண்டிக்குப் போயிடுவேன், நீதான் பாத்துக்கணும். துணி காய வுடாத."

"உனுக்கு மட்டும்தான் அவன் புருஷன், எனுக்குப் புள்ள இல்லியா?" என்றாள் பூவாயி.

பூவாயி கெட்டவள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். அம்மை போட்டுக் கிடந்தபோது யாரோ படித்த புண்ணியவான் பேச்சைக் கேட்டு ஊசி போட்டு, குளிர்ந்த தண்ணீரில் துடைத்தார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதற்குள் பிள்ளை போய்விட்டது. ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று பூவாயி முடிவு கட்டிவிட்டாள். அந்தக் காயத்தின் மேல் யாராலும் கை வைக்க முடியாது.

மறுநாள் மண்டியில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தபோதே அவளுக்கு மனசு சரியில்லை. உச்சிக்கு முன்பே கிளம்பினாள். அனல் காற்று புடவையைச் சுருட்டியது. தார்ரோடு செருப்போடு ஒட்டியது. தெருமுனை திரும்பினதும் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து.

"அய்யோ, குடி கெட்டுதே!" என்று ஓடினாள்.

முன்கட்டில் அவன் இல்லை. பின்னறைக் கதவு சாத்தி, வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதன் குறுக்கே பூவாயி கால் நீட்டி உட்கார்ந்து வேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள் ஆத்தாவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தே! அவர எதுக்கு உள்ள போட்ட?"

"சத்தம் போடாதடி. ஆத்தா வந்திருக்கா. ஒடம்பு அனலாக் கொதிக்குது, நெஞ்செல்லாம் செவந்து பூத்துருக்குது, பொலம்புறான். கண்ட காத்தும் கண்ட காலும் படக் கூடாதுன்னு சாத்தி வச்சிருக்கேன்."

"அது அம்மை இல்ல! வேர்வை வராம சூடு ஏறிப்போச்சி! டாக்டர் சொல்லல?"

"டாக்டரு என் பொண்ணுக்கும்தான் சொன்னான்."

"மாத்திரை குடுத்தியா இல்லியா?"

"அத்த அடுப்புல போட்டாச்சி. ஆத்தா இருக்கற ஒடம்புல மருந்து போவக் கூடாது."

தைலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். செவிடன் காதில் சங்கு ஊதலாம், ஒருவேளை அதிர்வாவது தெரியும். கிழவியைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் தட்டி உள்ளே பாய்ந்தாள்.

அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சில்லென்றிருந்த அறையா இது! சுவர் அனலாக வீசியது. கலியபெருமாள் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். முகம் செக்கச் சிவந்து, உதடு வெடித்து, கண் செருகியிருந்தது. தொட்டாள். நெற்றி, கழுத்து, அக்குள், எங்கும் ஒரு சொட்டு ஈரமில்லை. உலர்ந்த ஓடு மாதிரி கிடந்தான்.

அவன் பக்கத்தில் பரப்பியிருந்த வேப்பிலை மட்டும் கருகிச் சுருண்டிருந்தது. நீளமாக. ஒரு ஆள் அளவு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் தோளுக்குப் பக்கத்தில் பச்சையாக இருந்த ஓர் இலை மெதுவாகச் சுருண்டது.

பிறகு அடுத்த இலை.

அது அவனை அணைத்துக்கொள்ளப் பார்க்கிறது.

"போ! தூரப் போ!" என்று வெறுங்காற்றைப் பார்த்துக் கத்திக்கொண்டே அவனை இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தாள். ஆறடி மனுஷன், அசையவில்லை. வண்டி வேண்டும், ஆள் வேண்டும். தெருவுக்கு ஓடினாள். நல்ல வேளை, ஜட்கா பாண்டுரங்கன் சும்மா வந்துகொண்டிருந்தான்.

"அண்ணே! நிறுத்துண்ணே! இவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்! ஒரு கை புடி!"

பாண்டுரங்கன் குதித்து இறங்கினான். நாலு எட்டு வைத்தான். நிலையைப் பார்த்தான். நின்றான்.

"தாயீ, வேப்பிலை கட்டியிருக்குது."

"அது கெழவி கட்டினது! அம்மை இல்லண்ணே, சத்தியமா இல்ல!"

"எனுக்கும் பச்சப்புள்ளைங்க இருக்குதும்மா." கன்னத்தில் போட்டுக்கொண்டு, குதிரையைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டான். எதிர்வீட்டுச் சன்னல் சாத்திக்கொண்டது. பக்கத்துவீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. அந்த ஒரு கொத்து இலைக்கு முன்னால் அவள் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. பிய்த்து எறிந்தாள். எறிந்து என்ன பயன்? பார்த்தவர்கள் பார்த்தாகிவிட்டது.

குடத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தபோது பூவாயி கதவில் கையை விரித்து நின்றாள். எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ! குடத்தைப் பிடுங்கி முற்றத்தில் கவிழ்த்தாள். தண்ணீர் கல்லில் ஓடி வீணாயிற்று.

"என் பொணத்தத் தாண்டிப் போடி. ஒண்ணப் பறிகுடுத்துட்டேன். இதயும் தண்ணி ஊத்திக் கொல்ல வுட மாட்டேன்!"

உள்ளே கலியபெருமாளின் மூச்சு நாய் இளைக்கிற மாதிரி கேட்டது. தைலம்மாளுக்கு அழுகை கூட வரவில்லை. இந்த மனுஷனை எத்தனை பேரிடமிருந்து மீட்டுக்கொண்டு வந்தாள்! கடைசியில் பெற்றவளிடமிருந்தா மீட்க முடியாமல் போக வேண்டும்! இவள் யார் பேச்சைத்தான் கேட்பாள்? மருமகள் பேச்சா, டாக்டர் பேச்சா, ஊர் பேச்சா? ஒருத்தி பேச்சைத்தான் கேட்பாள்.

தைலம்மாள் கொண்டையை அவிழ்த்தாள்.

தாயே, பொய்யாடுறேன், மன்னிச்சிக்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கீழே கிடந்த வேப்பிலையைக் கடித்தாள். கசப்பு தொண்டையில் இறங்க, ஆடி மாதம் கோயிலில் பார்த்த பெண்களைப் போல இடுப்பிலிருந்து சுழன்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சுழன்றாள்.

"அடியே பூவாயீ!"

பூவாயி விறைத்துப் போனாள்.

"எம் புள்ளைக்கு எரியுதுடி! குளுந்து போவ வந்தவள அறையில போட்டு அடைச்சியா? ஊத்துடி தண்ணி! கொடம் கொடமா ஊத்து! இப்பவே ஊத்து!"

"ஆத்தா! தாயே! தெரியாம செஞ்சிட்டேன் தாயே!" கிழவி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து கிணற்றுக்கு ஓடினாள். ராட்டினம் கிறீச்சிட்டது. ஒரு குடம், இன்னொரு குடம். தலையில், நெஞ்சில், காலில். தைலம்மாள் ஆடிக்கொண்டே பாயை விசிறியாக்கி வீசினாள், ஆடிக்கொண்டே ஈரத்துணியை அக்குளில் திணித்தாள். சாமி வந்தவள் வைத்தியம் பார்த்ததை உலகத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மெல்ல மெல்ல அவன் மூச்சு தணிந்தது. செருகின கண் அசைந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடுதான், ஆனால் சுடவில்லை.

போதும், நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள்.

உடம்பு நிற்கவில்லை.

ஆட்டம் குறைந்து, லேசான நடுக்கமாகி, அப்படியே தொடர்ந்தது. முழங்கால் தானாக மடிந்து, கதவுப் பக்கமாகத் தவழ்ந்து போய் உட்கார்ந்தாள். வலதுகை தானாக எழுந்தது. விரல் நுனி மரத்தைத் தடவ ஆரம்பித்தது.

சத்தமில்லாமல்.

வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை.

"அண்ணே."

இளசான குரல். தைலம்மாளின் குரல் மண்டியில் கத்திக் கத்திக் கரகரத்த குரல். இது கிசுகிசுப்பான, பணிவான குரல்.

"நூரண்ணே. அவங்க பொண்ணு பாத்துட்டுப் போயிட்டாங்களா? கதவத் தொறண்ணே."

வாசலில் ஏதோ விழுந்த சத்தம். தன் வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று பாண்டுரங்கன் சொல்லக் கேட்டு ஓடிவந்த நூருல்லா பாய், இத்தனை நாள் தாண்டாத வாசற்படியைத் தாண்டி முற்றத்தில் மண்டியிட்டிருந்தார்.

"மெஹரு..." என்றார்.

"நான் சத்தமே போடலண்ணே. சொன்ன மாதிரியே இருந்தேன். ஒரு தடவ கூடச் சத்தம் போடல. ரொம்ப எரியுதுண்ணே."

பூவாயி குடத்தோடு மிரண்டு நின்றாள். "ஆத்தா... இது யாரு பேசுறது?"

"தண்ணி," என்றது குரல்.

யார் என்று தெரியாவிட்டாலும் கேட்பது தண்ணீர். பூவாயி மருமகள் தலையில் குடத்தைக் கவிழ்த்தாள். வழிந்து முற்றத்துக் கல்லில் ஓடிய தண்ணீர் பூவாயியின் காலைத் தொட்டபோது அவள் அலறிக்கொண்டு பின்னால் துள்ளினாள்.

கொதிநீர்.

தைலம்மாள் அப்படியே சாய்ந்தாள்.

கண் விழித்தபோது பொழுது இறங்கியிருந்தது. முற்றத்தில் கலியபெருமாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. "எழுந்துட்டியாய்யா!" என்று அழுதாள்.

நூருல்லா பாய் போகாமல் மூலையில் குந்தியிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். மெஹர் பானு அவருடைய தங்கை. அவளுக்கும் இதே மாதிரிப் புத்தி கலங்கி, மெட்ராசில் மாத்திரை வாங்கிக் கொடுத்துத் தெளிந்து வந்தாள். அவளுக்கு அடுத்த தங்கையைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் ஒரு கத்திரி மத்தியானம் வந்தார்கள். இப்படி ஒருத்தி வீட்டில் இருப்பது தெரிந்தால் சம்பந்தம் நிற்காது. பின்னறையின் கல்கூரை பழுதாகி, அதைச் சரிசெய்யும் வரை தகரம் போட்டிருந்த சமயம் அது. சத்தம் போடாமல் இரு மெஹரு, அவர்கள் போனதும் திறக்கிறேன் என்று தாழ்ப்பாள் போட்டார். பிரியாணி, தாம்பூலம் எல்லாம் முடிந்து அவர்கள் போகப் பொழுது சாய்ந்துவிட்டது.

"அவ கத்தியிருந்தா தொறந்திருப்பேன் தங்கச்சி," என்றார். "கத்தவே இல்லியே."

தைலம்மாள் வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி கேட்டுவிட நினைத்தாள். மூட்டை போட்டு வைத்திருந்தோம் என்றாயே, அதுவா மூட்டை! அந்த மனுஷன் அழுத அழுகையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

இருட்டுமுன் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சிறுகடம்பூர்ப் பக்கம் புளியமர நிழலில் ஒரு பனையோலைக் குடிசை. பூவாயி அதற்கப்புறம் மாத்திரை விஷயத்தில் வாய் திறக்கவில்லை. ஆத்தாவே தண்ணீர் ஊற்றச் சொன்ன பிறகு அவளுக்கு என்ன தகராறு? ஈரத்துணியை நனைப்பது இப்போது அவள் வேலை. கலியபெருமாள் பக்கத்தில் யாரும் வந்து படுக்கவில்லை என்றான். தரையும் காயவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று தைலம்மாள் நினைத்தாள். அந்தக் கோடையில் இரண்டாவது சந்தோஷம்.

கத்திரி கழியுமுன் மாத்திரை வாங்க இருவரும் மெட்ராஸ் போனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். காற்றே இல்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் முந்தானையாலும் துண்டாலும் துடைத்துத் துடைத்து மாளவில்லை. டாக்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நடந்ததைக் கேட்டார். பேய் விஷயத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னாள்.

"நீங்க தண்ணி ஊத்தினதுதான் உயிரைக் காப்பாத்தியிருக்கு," என்றார் டாக்டர். "மாத்திரையைக் குறைக்கிறேன். சின்ன மாத்திரை கோடை முடியிற வரைக்கும் வேணாம்."

சீட்டைக் கொடுக்கும்போது அவர் விரல் அவள் விரலில் பட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், ரவிக்கைக் கையைப் பார்த்தார். கேட்காமலே மணிக்கட்டைப் பிடித்தார்.

"எவ்வளவு நாளா வேர்க்கலை உங்களுக்கு?"

தைலம்மாள் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். செஞ்சியிலிருந்து பஸ்ஸில் நெருக்கியடித்து வந்தவள். உலர்ந்திருந்தது.

"தெரியல சார்."

"இவரோட மாத்திரையை நீங்க எடுத்துச் சாப்பிடறீங்களா?"

"அய்யய்யே! நான் எதுக்கு சார்?"

"சாப்பிடல சார்," என்றான் கலியபெருமாளும். "அது சாப்புடாது." சொல்லிவிட்டு பெஞ்சில் அவளை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

டாக்டர் தெர்மாமீட்டரை எடுத்து அவள் நாக்கடியில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். உதறினார். மறுபடி வைத்தார். அவர் முகத்தில் இருந்த பொறுமை போய்விட்டது.

"பொய் சொல்லாதீங்கம்மா. இது மாத்திரை சாப்பிட்ட உடம்பு."

எத்தனை பேரிடம் எத்தனை தடவை உண்மையைச் சொல்லி என்ன கண்டாள்! நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவது என்று தைலம்மாள் வாயைத் திறந்தாள். தொண்டை வரை வந்துவிட்டது.

சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எந்தக் குரல் வருமென்று அவளுக்கே தெரியவில்லை.